மேலே தமிழ் பேசினார்கள்

சாருலதா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது மேலே யாரோ தமிழில் பேசினார்கள்.

கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். அக்டோபர் மாதத்துப் பிற்பகல். ஹீட்டர் குழாய்க்குள் தண்ணீர் ஓடும் களகளப்பும், கீழே வீட்டுக்காரம்மாவின் ரேடியோவில் யாரோ செய்தி வாசிக்கும் முணுமுணுப்பும், அடுப்பில் பருப்பு பொங்கும் வாசனையும் நிறைந்திருந்த அந்தச் சின்னச் சமையலறைக்கு மேலே, மரக்கூரைக்கு அப்பால், ஒரு ஆண் ஏதோ கேட்க, ஒரு பெண் மெதுவாகப் பதில் சொன்னாள். வார்த்தைகள் பிடிபடவில்லை. ஆனால் அந்த இழுவை கோயம்புத்தூர்ப் பக்கத்து இழுவை. தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்கு அது தெரிந்துவிடும்.

ஒரே சந்தோஷம் அவளுக்கு. ஜெர்மனியில் இந்த எர்லாங்கனுக்கு வந்து அரை வருஷம் ஆகியிருந்தது. உலகக் கோப்பைக் கால்பந்து இங்கே நடந்த வருஷம் அது. எதிர்வீட்டுப் பால்கனியில் கட்டிய கொடியை இன்னும் அவிழ்க்கவில்லை. கணவன் வசந்த்குமார் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். அதுவரைக்கும் அவளிடம் பேச வீட்டுக்காரம்மா ஃப்ராவ் ஹோல்ட்ஸ்மனை விட்டால் ஆள் கிடையாது. அந்த அம்மாளும் எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடவேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

மறுநாள் கேசரி கிளறி டப்பாவில் போட்டுக்கொண்டு, அதுவரை ஏறியிராத மேல்படிகளில் ஏறினாள். பேச்சுக்குரல் படியிலேயே கேட்டது. படிகள் குறுகி, திரும்பி, ஒரு குட்டைக் கதவில் போய் முடிந்தன. கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். உள்ளே பேச்சு நின்றுவிட்டது, வாசலில் ஆள் வந்தது தெரிந்து நிறுத்தியதைப் போல. அப்போதுதான் பார்த்தாள். கதவின் வெளிப்புறத்தில் பூட்டுத் தொங்கியது. பூட்டின்மேல் தூசி படிந்திருந்தது.

"மேல யாருங்க குடி வந்திருக்காங்க?" என்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"மேலயா? அது அட்டிக் கண்ணு. பழைய சாமான் போட்டு வெச்சிருக்காங்க."

"தமிழ் பேசறாங்க. நம்மூர்த் தமிழ்."

வசந்த்குமார் சிரித்தான். "ஊரு ஞாபகம் வந்துடுச்சா?"

அவள் விடாமல் கேட்டதால் சனிக்கிழமை வீட்டுக்காரம்மாவிடம் சொல்லித் திறக்க வைத்தான். பனிச்சறுக்குக் கட்டைகள், கால் உடைந்த தையல் மெஷின், துணி போர்த்திய அலமாரி. மக்கிய மரத்தின் வாசனை. தரை முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. எலியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு ஃப்ராவ் ஹோல்ட்ஸ்மன் மறுபடியும் பூட்டினாள்.

அடுத்த வாரம் வார்த்தைகளும் கேட்டன.

துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு நேர்மேலே அந்த ஆண் குரல், கோபமே இல்லாமல், வெகு நிதானமாகக் கேட்டது: "யாரைக் கேட்டு நீ அங்க போனே?" அதற்கப்புறம் பளார் என்று ஓர் அறை. ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்தாள்.

அன்று காலை சாருலதா புதிதாகச் சேர்ந்திருந்த ஜெர்மன் வகுப்பு முடிந்து, கூடப் படிப்பவர்களோடு ஒரு கடையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்திருந்தாள். அது எப்படியோ வசந்த்குமார் காதுக்குப் போயிருக்கிறது. மாலையில் வந்தவன் ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்தான், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான், கைகழுவினான், அவள் எதிரே வந்து நின்றான்.

"யாரைக் கேட்டு நீ அங்க போனே?"

கல்யாணமான நாளிலிருந்து அவன் கைநீட்டியது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் எரிச்சல் பரவுவதற்கு முன்பே அவள் கூரையைப் பார்த்தாள்.

அப்புறம் அவன் அழுதான். "சாரி கண்ணு, ஆபீஸ்ல டென்ஷன்" என்று அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டான். அவளை எழுந்திருக்கவிடாமல் தானே பாத்திரமெல்லாம் கழுவினான். கழுவும்போது வாயை மூடிக்கொண்டு ஏதோ ராகத்தை முனகினான். மனசு லேசாகிவிட்டால் அவன் அப்படித்தான் முனகுவான்.

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. பிற்பகலில் மேலே நடப்பது மாலையில் கீழே நடந்தது. மேலே நாற்காலி சாய்ந்தால் கீழேயும் சாய்ந்தது. சாய்ந்த நாற்காலியோடு அவளும் விழுந்தாள். வகுப்பை விட்டாள், வெளியே போவதை நிறுத்தினாள், ஊருக்குப் போன் பண்ணுவதைக் குறைத்தாள். குரல்கள் நிற்கவில்லை. யாரிடம் என்ன சொல்வது? பாஸ்போர்ட் அவனுடைய ஆபீஸ் மேஜை டிராயரில் இருந்தது. இங்கே தங்குவதற்கு அவளுக்கு இருந்த அனுமதியே அவனுடைய வேலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மேலே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. அன்றைக்கு எப்படியும் தப்பித்துவிடுவது என்று அவள் தீர்மானித்தாள். தம்ளர், ஜாடி, பீங்கான் தட்டு என்று உடையக்கூடிய எல்லாவற்றையும் புடவைகளில் சுற்றி நிலவறையில் கொண்டுபோய் வைத்தாள். மாலையில் அவன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துப்போய், அங்கே சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் அவள் முகத்தை மோதினான். ஒரு தடவை. மறுபடியும் ஒரு தடவை. நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியபோது அவளுக்குப் புரிந்தது. உடைவதைத்தான் கேட்டாள். எது உடைகிறது என்று கேட்கவில்லை.

நெற்றிக் கட்டை மாற்ற ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போகும்போதுதான் பேர்பெச்சுவா அவளைப் பார்த்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, ஐம்பது வயசிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை; முதியோர் இல்லத்தில் வேலை. பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்து, பேர்கூடக் கேட்காமல், "ஆர் பிள்ளை அடிச்சது?" என்றாள். ஆறு மாதத்தில் வசந்த்குமாரைத் தவிர இன்னொரு வாயிலிருந்து நேரில் கேட்ட முதல் தமிழ். சாருலதா பஸ் என்றும் பாராமல் அழுதாள். இறங்குவதற்குள் பேர்பெச்சுவா அவள் விலாசத்தைக் கேட்டு வாங்கி, தன் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தாள்.

அந்த வாரக் கடைசியிலேயே பேர்பெச்சுவா வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்தவள் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, இனியும் இந்தப் பிள்ளையில கை வச்சீங்களெண்டா நான் பொலிசுக்குப் போவன். எனக்கு இஞ்சத்தைச் சட்டமும் தெரியும், பாசையும் தெரியும். விளங்குதோ?"

வசந்த்குமார் தலைகுனிந்து கேட்டுக்கொண்டான். "தப்புதாங்க அக்கா" என்றான். காபி போட்டுக் கொடுத்தான். அவள் கிளம்பும்போது காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு, அவள் வீட்டு வாசல்வரை பஸ்ஸில் கூடவே போய்க் கொடுத்துவிட்டு வந்தான். அன்றிரவு சாருலதாவை அவன் ஒன்றுமே செய்யவில்லை. சோபாவில் உட்கார்ந்து வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் மேலே சத்தமே இல்லை. நவம்பர் போனது. நாலரை மணிக்கே இருட்டியது. கடைத்தெருவில் கிறிஸ்துமஸ் விளக்கு போட்டார்கள். அவளுக்குத் தூக்கம் திரும்பியது.

டிசம்பரில், பனி தூவிக்கொண்டிருந்த ஒரு பிற்பகல், மேலே மணி அடித்தது.

வாசல் மணி. இரண்டு தடவை, சுருக்கமாக. பிறகு கதவு திறக்கும் சத்தம். அவனுடைய குரல்; தணிந்து, மரியாதையாக, என்ன சொல்கிறான் என்று தெரியவில்லை. சாருலதா படுக்கை விரிப்பைக் கையில் பிடித்தபடி நின்றாள். பதிலுக்கு யாருடையதென்று தெரியாத ஒரு முணுமுணுப்பு. பிறகு கனமாக ஏதோ விழுந்தது. கூரையிலிருந்து தூசி அவள் தோளில் உதிர்ந்தது. அதற்கப்புறம் அந்தச் சத்தம், ஈரமான, மெத்தென்ற, ஒரே சீரான சத்தம், மாவு பிசையும்போது உருட்டித் தூக்கிப் பலகையில் அடிப்பதைப் போல. திரும்பத் திரும்ப. நின்றது. எதையோ தரையோடு இழுத்துக்கொண்டு போனார்கள். குழாய் திறந்தது. தொட்டியில் தண்ணீர் விழுந்தது. அந்தத் தண்ணீர்ச் சத்தத்தின்மேல் வாயை மூடிக்கொண்டு ஓர் ஆண் ராகம் முனகினான்.

தன் குரலுக்காக அவள் காத்திருந்தாள். ஒரு கத்தல், ஒரு அழுகை. வரவில்லை. அப்படியானால் தான் செத்துவிட்டோம்.

கோட்டைக்கூட எடுக்கவில்லை. மேலே ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு, வீட்டுச் செருப்போடு பனியில் ஓடினாள். பஸ்ஸில் எல்லோரும் அவள் காலையே பார்த்தார்கள்.

பேர்பெச்சுவா கதவைத் திறந்ததும் அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கால்களைச் சுடுதண்ணீரில் வைக்கச் சொன்னாள், கம்பளிக் காலுறை கொடுத்தாள், இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி ஊற்றினாள். சின்ன வீடு அது. கூடம், அதை ஒட்டி ஒரு படுக்கையறை, எதிரே குளியலறை. மெழுகுவர்த்தி வாசனையும் வறுத்த மிளகாய்த்தூள் வாசனையும் கலந்து வந்தன. சாருலதா எல்லாவற்றையும் சொன்னாள், மேலே கேட்டதையும் சேர்த்து. சொல்லி முடித்தபோது வெளியே இருட்டியிருந்தது. பேர்பெச்சுவா சிலுவையைத் தொட்டுக்கொண்டாள், சிரிக்கவில்லை.

"இனி அந்த வீட்டுக்குப் போக வேண்டாம் பிள்ளை. இப்பவே பொலிசுக்கு அடிக்கிறன். தேத்தண்ணியைக் குடியுங்கோ."

போனை எடுக்க அவள் எழுந்தாள்.

மணி அடித்தது. இரண்டு தடவை. சுருக்கமாக.

"அவர்தான் போல. நீங்கள் அறைக்குள்ள போய்த் திறப்பைப் போடுங்கோ. நான் கதைச்சு அனுப்பிறன்."

பேர்பெச்சுவா அவளை அறைக்குள் தள்ளாத குறையாக விட்டுக் கதவைச் சாத்தினாள். சாருலதா சாவியைத் திருப்பினாள். திருப்பிய கை சாவியிலேயே நின்றது.

மணி.

அவன் சொந்த வீட்டுக்கு எதற்கு மணி அடிக்கப்போகிறான்?

அக்கா, திறக்காதீங்க. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கதவுச் சங்கிலி உரசியது.

"மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேனுங்க அக்கா. உள்ளகூட வரல."

"மன்னிப்புக் கேக்கிறதெண்டா பொலிசில கேளுங்கோ தம்பி. நான் இப்ப…"

விழுந்தது. தரை அதிர்ந்தது. அவள் காலடித் தரை.

பிறகு அந்தச் சத்தம்.

கதவைத் திறக்கலாம். ஓடிப்போய் அவன் கையைப் பிடிக்கலாம். ஜன்னலைத் திறந்து கத்தலாம். உதவி என்பதற்கு ஜெர்மனில் என்ன சொல்வது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லுக்குள் விரலைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது.

சத்தம். மறுபடியும். மறுபடியும்.

பிற்பகலில் தன் குரல் ஏன் கேட்கவில்லை என்று அப்போது தெரிந்தது. அவள் செத்திருக்கவில்லை. அவள் கத்தவில்லை.

இழுத்தான். கதவை ஒட்டியே இழுத்துக்கொண்டு போனான். குதிகால் ஒன்று கதவில் இடித்தது. குழாய் திறந்தது. தண்ணீர். ராகம்.

வெகுநேரம் ராகம்.

அது நின்றபோது கதவிடுக்கின் வெளிச்சத்தில் இரண்டு நிழல்கள் வந்து நின்றன. இரண்டு கால்கள். அவற்றுக்கு நடுவே தண்ணீர் மெல்ல உள்ளே ஊர்ந்து வந்தது. வெதுவெதுப்பான தண்ணீர். காலுறை நனைந்து சிவந்தது.

"கண்ணு." அன்பான குரல். "வா, வீட்டுக்குப் போலாம்."

சாவி திரும்பியது. திருப்பியது அவள் கைதான்.

சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தான். தலையைப் படிய வாரியிருந்தான். குளியலறை விளக்கு அவன் முதுகுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. தொட்டி விளிம்பில் ஒரு கை, உள்ளங்கை மேலே பார்த்தபடி. அவன் பேர்பெச்சுவாவின் குளிர்கோட்டை ஆணியிலிருந்து எடுத்துவந்து, இந்த ஊர் ஆண்கள் மனைவிமாருக்குப் பிடிப்பார்களே அதைப் போல, தோள்பக்கம் இரண்டு விரலால் பிடித்து விரித்துக்கொண்டு நின்றான்.

"வெளிய ரொம்பக் குளிரு. கையை விடு."

அவள் திரும்பி நின்றாள். ஒரு கையை விட்டாள். பிறகு இன்னொரு கையை.