உள்ளே இருப்பவர் திறக்கட்டும்

மதியத் தூக்கத்தில் லேசாக ஒருக்களித்தபோது பூட்டுக்காரரின் நெஞ்சுக்குள் 'டிக்' என்றது.

வலி இல்லை. வலித்திருந்தால் மனைவியைக் கூப்பிட்டிருப்பார். காதால் கேட்டதா, எலும்பு வழியாகப் பல்லுக்கு வந்து சேர்ந்ததா என்று சொல்ல முடியாத சின்னச் சத்தம். மின்விசிறி அதே சோம்பலோடு சுற்றிக்கொண்டிருந்தது. சமையலறைக் குழாய் எவர்சில்வர் பாத்திரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு மெல்ல மல்லாந்தார். மறுபடியும் 'டிக்'.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க அதைக் கேட்டுத்தான் பிழைத்தார். சாவி தொலைந்த பூட்டுக்குள் கம்பியை விட்டுத் துழாவும்போது, உள்ளே நாக்கைத் தடுத்து நிற்கும் ஒரு லீவர் தகடு இடம் கொடுக்கும் சத்தம்.

இதயத்தில் அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நெஞ்செலும்பை ரம்பத்தால் நடுவே பிளந்து, காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயை இதயத்தில் ஒட்டி, பிளந்ததை எஃகுக் கம்பிகளால் முறுக்கிக் கட்டி அனுப்பினார்கள். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் நர்ஸ் ஒரு சின்னத் தலையணையைக் கையில் கொடுத்தாள்.

"இருமல் வந்தா இத நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கோங்க. இல்லேன்னா எலும்பு விலகிடும். உள்ள டிக்குனு சத்தம் கேட்டா யோசிச்சுக்கிட்டு இருக்காதீங்க, உடனே வந்துருங்க."

"வந்தா?"

"திறந்து, கம்பிய மாத்திக் கட்டுவாங்க."

கொடிக்கயிறு மாற்றுவதைப் போல அதைச் சொன்னாள். தொண்டையில் குழாயோடு கண் விழித்த அந்த முதல் நாளை அவர் நினைத்துக்கொண்டார். மார்பின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போன்ற பாரம். கத்தினால் சத்தம் வராத வாய். இன்னொரு தடவை திறக்க விடக் கூடாது. செத்தாலும் சரி.

ஆகவே அந்தச் சத்தத்தைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் மச்சினன் வந்தான். வரும்போதே சிரிப்போடுதான் வந்தான்.

"என்ன மாமா, ஊர்ப் பூட்டெல்லாம் திறந்தவருக்கே பூட்டு போட்டுட்டாங்க. சாவி யார்கிட்ட?"

"உங்க அக்காகிட்டதான்."

"என்கிட்ட குடுத்திருந்தா எப்பவோ தொலைச்சிருப்பேன்" என்றாள் மனைவி, அவருடைய கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே. விரல் எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மச்சினன் விடவில்லை. "அக்கா, எங்க வீட்டு பீரோ பூட்டிக்கிட்டப்போ இவரு பண்ணத மறந்துட்டியா? பீரோவத் தட்டி, 'உள்ள யாராவது இருக்கீங்களா'ன்னு கேட்டாரே."

"அது பழக்கம்டா மாப்ள. எந்தக் கதவா இருந்தாலும் தட்டிக் கேட்டுட்டுதான் கம்பியத் தொடுவேன்."

"பீரோவுக்குள்ளேருந்து பதில் வந்திருந்தா?"

"'அப்ப நீங்களே திறங்க'ன்னு சொல்லிட்டு ஒதுங்கி நின்னுருப்பேன். உள்ள ஆள் இருக்கும்போது வெளியேருந்து திறந்தா அது திருட்டு. அவங்க திறக்கட்டும். அதுதான் மரியாதை."

"பேய்க்குக்கூட மரியாதை குடுக்கற ஒரே ஆளு நீங்கதான்" என்றான் மச்சினன். மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு அவருக்கு இருமலாக மாறியது. தலையணை கைக்கு எட்டுவதற்குள் இரண்டு முறை இருமிவிட்டார்.

டிக். டக்.

இரண்டாவது சத்தம் லீவர் அல்ல. ஏதோ அறுந்த சத்தம். நெஞ்சுக்குள் வெந்நீர் இறங்குவது போலிருந்தது. மற்ற இருவருக்கும் கேட்கவில்லை. மச்சினன் தெருமுனையில் யாரோ காத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பினான். அவள் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"சட்டைல என்ன ஈரம்?"

"தண்ணி சிந்திருச்சு."

"எந்தத் தண்ணி? டாக்டர் சொன்னபடி இன்னைக்கு அளந்து வச்சத மத்தியானமே குடிச்சு முடிச்சிட்டீங்க."

"பாத்ரூம் போயிட்டு வரேன்" என்று எழுந்தார்.

"தாழ்ப்பாள் போடாதீங்க. கேக்குதா?"

கேட்டது. ஆனாலும் போட்டார். அந்தத் தாழ்ப்பாள் பல நாளாக முரண்டு பிடிப்பது. கொஞ்சம் மேலே தூக்கி, பிறகு இழுத்தால்தான் நகரும். அந்த நுணுக்கம் அவருக்கு மட்டும்தான் வரும். அவள் தினமும் அதோடு சண்டை போடுவாள்.

மங்கலான விளக்கு. ஈரச் சுவரின் பூஞ்சை வாடை. சட்டைப் பொத்தான்களைக் கழற்றியபோது அதையும் மீறி வேறொரு வாடை எழுந்தது: வியர்த்த உள்ளங்கையில் வெகுநேரம் பொத்தி வைத்திருந்த பழைய சாவியின் வாடை. தையல் கோட்டின் அடிமுனை வாய் பிளந்திருந்தது. இளஞ்சிவப்பாக நீர் கசிந்தது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற உடம்பு. போன வாரம் சவரக் கத்தி கீறியதற்கே ஒரு துண்டு முழுக்க நனைந்தது.

கண்ணாடியில் பார்த்தபடியே மூச்சை இழுத்தார். மார்பின் வலப்பாதி எழுந்தது. இடப்பாதி எழவில்லை. ஒரு கணம் தாமதித்து, தனியாக எழுந்தது. தாழ் விழாத இரட்டைக் கதவு காற்றில் அசைவதைப் போல.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் தான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. "மூடறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவை பாத்தீங்களா டாக்டர்?" திறந்து கிடந்த வீட்டைப் பூட்டும் முன், யாரும் உள்ளே மாட்டிக்கொள்ளவில்லையே என்று அவர் எப்போதும் ஒரு சுற்றுப் பார்ப்பார். டாக்டர் சிரித்தார். "பஞ்சு, கத்தரி எல்லாம் எண்ணிப் பாத்துட்டுதான் மூடுவோம், பெரியவரே."

பஞ்சையும் கத்தரியையும் எண்ணினார்கள்.

அவருடைய கை தானாக எழுந்தது. விரல் மடங்கியது. தான் என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் பழக்கம் முந்திக்கொண்டது. நெஞ்செலும்பின் மேல் மெல்லத் தட்டினார். இரண்டு தட்டு.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

சொன்ன பிறகுதான் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. சமையலறைக் குழாயின் சொட்டுச் சத்தம் நின்றிருந்தது. இதயமும் ஒரு துடிப்பைத் தவறவிட்டு, எதற்கோ காது கொடுப்பது போல நின்றது.

உள்ளிருந்து தட்டியது. இரண்டு தட்டு.

துடிப்பல்ல. துடிப்பு இடப்பக்கம். இது நட்டநடுவில், எலும்புக்கு நேர் பின்னால், மடக்கிய விரலால் தட்டியது. அப்போது அவர் கத்தியிருக்க வேண்டும். கதவைத் திறந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் அவருடைய வாய் ஆயிரம் வாசல்களில் நின்று பழகிய வாய்.

"அப்ப நீங்களே திறங்க" என்றது.

அடியிலிருந்த கம்பி சுழல ஆரம்பித்தது.

மெதுவாக. முறுக்கு முறுக்காக. அவர் அதை உணர்ந்தார். குறடு போட்டு முறுக்கியதை யாரோ பொறுமையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கம்பிமுனை தோலை உள்ளிருந்து முட்டியது. கூடாரம் போல எழுந்தது தோல். கிழிந்தது. பளபளப்பாக ஒரு முனை வெளியே வந்தது.

தலையணை கட்டிலில் கிடந்தது. இரண்டு கைகளாலும் தன்னையே இறுகக் கட்டிக்கொண்டார். அடுத்த கம்பி. 'டக்.' எலும்போடு எலும்பு உரசும் சத்தம் மண்டைக்குள் ஏறியது. கைகளை விரித்துத் தள்ளியது ஏதோ. மறுபடி கட்டினார். மறுபடி தள்ளியது. அவரைவிட வலு அதற்கு. கால் வழுக்கியது. விழுந்தார். தரை சில்லென்றிருந்தது, பிறகு சூடானது. ரத்தம் உறையவில்லை. ஓடியது. சாக்கடைத் துளையைத் தேடிப் போய்க் களகளவென்று இறங்கியது.

டக்.

டக்.

தையல் மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் பிரிந்தது.

கதவு தட்டப்பட்டது.

"என்னங்க? தாழ்ப்பாள் போடாதீங்கன்னு சொன்னேன்ல?"

ஓடிப் போயிடு. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். காற்று இல்லை. வாய் நிறைய ரத்தம்.

"ஏங்க... உள்ள இருக்கீங்களா, இல்லையா?"

"இருக்கேன்."

அவருடைய குரல். சளி கட்டினால் வரும் அந்தக் கரகரப்பு உட்பட அவருடையதே. அவருடைய உதடு அசையவில்லை.

"அப்பாடா. பயந்தே போயிட்டேன்" என்றாள் அவள், கதவுக்கு அந்தப் பக்கம். "தொறங்க. இல்ல, தம்பியக் கூப்பிட்டு உடைக்கச் சொல்லவா?"

"வேணாம். நானே திறக்கறேன்."

ஈரத் தரையில் அவர் நகர்ந்தார். அவராக நகரவில்லை, கழற்ற மறந்த சட்டையை இழுத்துக்கொண்டு போவது போல அவரை இழுத்துக்கொண்டு போனது. கன்னம் ஓடுகளில் தேய்ந்தது. கதவடியில் வெளிச்சக் கோடு. அதில் அவளுடைய பாத நிழல்கள். காத்துக்கொண்டிருந்தன.

கண்ணை மேலே திருப்ப மட்டும் அவரால் முடிந்தது. இரண்டாகத் திறந்த தன் மார்புக்கு நடுவிலிருந்து ஒரு கை நீண்டு போவதைப் பார்த்தார். நகமில்லாத, சிவந்த, ஒல்லியான கை. விரல் இடுக்கில் ஒரு துண்டுக் கம்பி. அது தாழ்ப்பாளைத் தடவிப் பிடித்தது. இழுத்துப் பார்க்கவில்லை. தடுமாறவில்லை.

கொஞ்சம் மேலே தூக்கி, பிறகு இழுத்தது.