நாங்கள் சாப்பிட்டுவிட்டோம்

கைப்பேசியில் வந்தது ஒரே ஒரு வரி. 'நாங்கள் சாப்பிட்டுவிட்டோம்.'

இதில் பயப்பட என்ன இருக்கிறது? வெளியே நன்றாக இருட்டிவிட்டது, அவள் இன்னும் அலுவலகத்தில் குந்தியிருக்கிறாள், அதற்காக வீட்டில் இருப்பவர்கள் பசியோடு காத்திருக்க வேண்டும் என்று தலையெழுத்தா? இருந்தாலும் அந்த 'ங்கள்', சோற்றில் கல் கடித்த மாதிரி அவளுக்கு நறுக்கென்றது. ஏனென்றால் அந்த வரியை எழுதியது கணவனும் இல்லை, மகளும் இல்லை. கூடம்.

கூடம் என்பது அவளுடைய குழு செய்துகொண்டிருந்த மென்பொருள். ஒரு குடும்பமோ அலுவலகமோ சேர்ந்து செய்கிற காரியங்களை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும். யார் வந்தார்கள், எதை வாங்க வேண்டும், எந்த வேலை யார் தலையில் என்று நினைவூட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டத்துக்குத் தகுந்தபடி தன் பேச்சை மாற்றிக்கொள்ளும். கணக்கர்களிடம் விறைப்பாகப் பேசும், கல்லூரிப் பசங்களிடம் நக்கலாகப் பேசும். அதன் வாயில் எங்கே 'நாம்' வர வேண்டும், எங்கே 'நாங்கள்' வர வேண்டும் என்கிற விதி மட்டும் முழுக்க முழுக்க அவளுடையது. கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவரை வெளியே நிறுத்திவிட்டுச் சொன்னால் நாங்கள். யார் உள்ளே, யார் வெளியே என்பதைப் பெயர்ப் பதிவை வைத்து முடிவு செய்யக் கூடாது, சேர்ந்து இருப்பதையும் பேசுவதையும் சிரிப்பதையும் கேட்டுக் கூடமே கண்டுகொள்ள வேண்டும் என்று அடம்பிடித்ததும் அவள்தான். சோதனைக்கு வேறு எந்த இளிச்சவாயன் கிடைப்பான்? தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலேயே அதன் வட்டப் பெட்டியை மாட்டிவைத்திருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் சோதனையாளர் இருந்தார். ஒரு பிழையைப் பிடித்தால் லேசில் விடமாட்டார் என்பதால் ஆபீஸில் அவருக்குக் 'குடைச்சல்' என்று பெயர்.

"அண்ணா, என் வீட்ல கூடம் என்னை வெளியாள்னு நினைக்குது."

"நினைக்காம என்ன பண்ணும்? நீ வீட்டுக்குப் போறதே தூங்கறதுக்குத்தானே?" குடைச்சல் சிரித்தார். "தப்பு அது மேல இல்லம்மா. நீ எழுதின விதி ஜோரா வேலை செய்யுது."

வலித்தது. உண்மை என்பதால் கூடுதலாகவே வலித்தது. இன்று காலையில்கூட மகள், "நாங்க புதுப் பாட்டு கத்துக்கிட்டோம்" என்றாள். "யாருடி நாங்க? நீயும் அப்பாவுமா?" என்று இவள் கேட்டாள். பாப்பா ஸ்பூனைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். கிளம்பும்போது மட்டும் ஓடிவந்து, "சீக்கிரம் வந்துடும்மா, சீக்கிரம் வந்துடு" என்று காலைக் கட்டிக்கொண்டாள். குழந்தைகளின் வழக்கமான பிடிவாதம் என்று நினைத்து விலக்கிவிட்டு வந்திருந்தாள்.

"சரி, குழுவுல யார் யார்னு காட்டுது?" என்றார் குடைச்சல்.

திறந்து பார்த்தாள். அப்பா. பாப்பா. அம்மா.

"அட, நீ இருக்கியே! அப்ப இது பிழைதான்." அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

ஆனால் 'அம்மா'வுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. இவர் வீட்டில் இருக்கிறார், இப்போது பேசிக்கொண்டிருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். அந்தப் புள்ளியை வரைந்ததும் அவள்தான்.

வீட்டுக்குப் போன் போட்டாள். கணவன் எடுத்தான்.

"சொல்லுங்க."

"என்ன திடீர்னு மரியாதையெல்லாம் தூள் பறக்குது?" சிரிக்கப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம், தட்டுகள் உரசும் சத்தம், அதோடு யாரோ வாய்க்குள் முணுமுணுக்கும் பாட்டு. பாத்திரம் கழுவும்போது அவள் முணுமுணுக்கும் பாட்டு. அவளுக்குச் சுருதி தப்புகிற அதே இடத்தில் தப்பியது.

"பின்னால யாரு?"

"யாருமில்லீங்க," என்றான். "நாங்கதான்."

தொடர்பு அறுந்தது. குடைச்சல் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை. பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, மூச்சுவாங்கி, ஆளே இல்லாத வாசலைத் திறந்து மூடி, மறுபடி ஊர்ந்தது. ஈரத் தாரின் வாசனை ஜன்னல் வழியே வந்தது. கையில் போன் வியர்வையில் வழுக்கிக்கொண்டே இருக்க, அந்தப் பச்சைப் புள்ளி ஒருமுறைகூட அணையவில்லை. சும்மா பயந்து சாகாதே, யாராவது உறவுக்காரி வந்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எந்த உறவுக்காரிக்கு அவளுடைய தப்பான சுருதி தெரியும்? வேலை, வேலை என்று எத்தனை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் தன் நாற்காலியைக் காலியாக விட்டாள்! பாப்பா அவளை எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவள்தான் கேட்கவில்லை.

மாடிப்படியில் விளக்கு எரிந்தது. வீட்டு வாசலுக்கு வெளியே வெங்காயம் வதக்கிய வாசனை. கணவன் வெங்காயத்தைத் தொடவே மாட்டான். சாவி சுற்றியது, கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள். தட்டினாள்.

கீழ்த் தாழ்ப்பாள் விலகியது. சங்கிலி போட்ட கதவு ஒரு சாண் திறந்தது. பாப்பா.

குழந்தை இடுக்கு வழியாகக் கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். ஜில்லென்று இருந்தது.

"ஏம்மா இவ்ளோ நேரம்?" வெறும் மூச்சாகத்தான் வந்தது. "சீக்கிரம் வான்னு சொன்னேன்ல?"

"பாப்பா, சங்கிலியை எடுடா."

"எட்டலைம்மா." விரல்களை இன்னும் இறுக்கினாள். "அம்மா, நாம எங்கேயாவது போயிடலாம்மா."

நாம.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. அவள் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். குழந்தை அவளை விடவில்லை.

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. பாட்டும் நின்றது. ஈரக் காலடிகள்.

"நாமன்னா யார் யாருடி, கண்ணு?"

அவளுடைய குரல். கொஞ்சும்போது அவள் இழுக்கிற அதே 'கண்ணு'.

பாப்பா திரும்பவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"நானும் நீயும்தாம்மா," என்றாள்.

யாரிடம் சொன்னாள்?

சோப்பு நுரையோடு ஒரு கை வந்து குழந்தையின் தோளில் அமர்ந்தது. ஆள்காட்டி விரலில் வெட்டுத் தழும்பு. அவளுடைய தழும்பு. சின்ன விரல்கள் அவள் பிடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவப்பட்டன. கத்தினாள். சத்தம் வரவில்லை. கதவு மூடியது.

கதவையொட்டிய மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று நிழல்கள். ஒன்று பெரியது. ஒன்று சின்னது. ஒன்று அவள் உயரம்.

போன் அதிர்ந்தது. 'நாங்கள் கதவைத் தாழிட்டுவிட்டோம்.'

சின்ன உள்ளங்கை ஒன்று உள்ளேயிருந்து கண்ணாடியில் பதிந்தது. அவள் வெளியிலிருந்து தன் கையை அதன்மேல் வைத்தாள். உள்ளேயும் ஒரு கை மெதுவாக எழுந்து, அந்தச் சின்னக் கையின்மேல் படிந்தது.

அந்தக் கையும் அவள் கையும் ஒரே அளவு.