சுருதி சேர்த்த நாக்கு

கூட்டத்தில் பேசப் போகிறவர்கள் முந்தைய நாள் நாக்கைச் சுருதி சேர்த்துக்கொள்வது செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில், முடிவெட்டிக்கொள்வது மாதிரி சாதாரண விஷயம். தாட்சாயணியும் சுருதிக்கடை நாற்காலியில் சாய்ந்தாள். நாவடியில் அரிசி அளவில் பதிக்கப்படும் நாவூக்கி, கேட்பவர்களின் நாடித்துடிப்பை இருக்கைகள் வழியே அறிந்து, பேச்சை அவர்களுக்கு இதமாக்கிவிடும்.

அவள் காற்றுக்கூரைப் பொறியாளர்; குடியிருப்பின் காற்று வெளியேறாமல் காப்பது அந்தக் கூரைதான். மேடை என்றாலே வியர்த்துவிடும். ஆனால் நாளை பேசியாக வேண்டும். கிழக்குக் கூரையின் விளிம்பு பெயர்ந்துகொண்டிருந்தது. அதன் அடியில் அறுநூறு குடும்பங்கள். குடியிருப்போர் கூட்டம் கைதூக்கினால்தான் அந்தப் பகுதியைக் காலி செய்ய முடியும்.

"என்ன விஷயம்னு சொன்னாத்தான் மேடம் சுருதி வைக்க முடியும்," என்றான் கடைக்காரன் இளம்பரிதி.

"கூ... கூரை. கிழக்குக் கூரை. தொட்டுப் பாத்தேன். ஒட்டுன பிசின் கையோட வருது. எப்ப வேணாலும்..." தண்ணீர் கேட்டாள்.

இளம்பரிதி வெளிறிப்போனான். அவன் வீடு கிழக்கில்தான். உடனே மனைவியை அழைத்தான். "புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மேக்கால உங்கண்ணன் வீட்டுக்குப் போயிரு. கேள்வியெல்லாம் அப்புறம் கேளு."

பிறகு தொழில் நினைவு வந்தவனாக ஊசியை எடுத்தான். "ஆனா இப்படித் திக்கித் திக்கிப் பேசுனா சபையில யாரு மேடம் மதிப்பாங்க?"

அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது.

மறுநாள் அவள் எதையும் மறைக்கவில்லை. விரிசல், பிசின், அறுநூறு குடும்பங்கள், எல்லாவற்றையும் சொன்னாள். இருக்கைகளில் பயம் ஏறியபோதெல்லாம் நாக்கு தானாகவே ஒரு நகைச்சுவையைச் செருகியது. பிசினைப் பற்றிச் சொன்ன இடத்தில் குரல் அழகாகக் குழைந்தது. அரங்கம் எழுந்து கைதட்டியது.

தலைவர் கோவர்த்தனன் பொன்னாடை போர்த்தினார். பூமியிலிருந்து எடை பார்த்துப் பார்த்து ஏற்றிய சரக்கில் பொன்னாடைக்கு மட்டும் யாரும் குறை வைக்கவில்லை.

"கூரையப் பத்தி இவ்வளவு இனிமையா நான் கேட்டதே இல்ல. அம்மாவுக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கணும். சம்மதம்னா கைதூக்குங்க!"

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"எங்க வெக்கலாம் தலைவரே?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"கிழக்குலதான்யா பெரிய மண்டபம் இருக்கு."

தாட்சாயணி பதறி எழுந்தாள். "ஐயோ, அங்க..." முன்வரிசையின் நாடி சட்டென்று ஏறியதை நாவூக்கி கவனித்தது. "...அங்கே திரளப்போகும் உங்கள் அன்புக்கு நான் தகுதியானவள்தானா?" என்றது அவள் நாக்கு, தழுதழுத்தபடி.

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.