ஒற்றைப் பட்டுச் சப்பாத்து

ஞாயிறு, பிற்பகல் 4.20. இடைவேளைக்குக் கதவுகள் திறந்து, சனம் காப்பிக்கு அடித்துப்பிடித்து ஓடிய நேரத்தில்தான் யாரோ கண்டார்கள்: கீழ்த்தளத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் சப்பாத்து இல்லை.

கண்ட சப்பாத்தில்லை அது. நாற்பது வருடத்துக்கு முன் இதே ஒப்பரா அரங்கில் பாலே ஆடிய ஒருத்தி காலில் போட்டிருந்த ஒற்றைப் பட்டுச் சப்பாத்து. மற்றக் கால் சப்பாத்தை அவளோடேயே புதைத்துவிட்டார்கள். மிஞ்சியதை நாளைக் காலை பெர்லினில் ஒரு அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதாக இருந்தது. பெட்டி உடையவில்லை, பூட்டும் பூட்டியபடி. சாவி, கோட் வாங்கி வைக்கும் இடத்து ஆணியில் வழக்கம்போலத் தொங்கியது.

அங்கே வேலை பார்ப்பவள் கிருசாந்தி. அரங்க மேலாளர் வேறு யாரையும் பார்க்கவேயில்லை. சாவி யாரிடம் இருந்ததோ அவள்தான் எடுத்தாள் என்றார். பிள்ளைக்குப் பேயறைந்த முகம். அடுத்த மாதம் அவளுக்குக் குடியுரிமை கிடைக்கவிருந்தது. ஒரு திருட்டு வழக்கு விழுந்தால் ஏழு வருடப் பாடும் மண்ணாய்ப் போகும்.

சுந்தரேஸ்வரி இதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பவள் இல்லை. வுப்பர்டால் என்ற ஊரில் முதியோர் இல்லத்துத் தாதி. அங்கே காணாமற்போன பல்செட்டுகளைக் கண்டுபிடித்தே பெயர் வாங்கியவள். இருபத்திரண்டு வருடமாக மாதாமாதம் ரயிலேறி இந்த நகரத்துக்கு வருகிற ஒப்பராப் பைத்தியம். கூட வருவது கணேசலிங்கம் அண்ணை, பென்சன் எடுத்த ரயில் சாரதி, இவளைவிடப் பெரிய பைத்தியம். பாட்டாகவே நடக்கும் இதே நாடகத்தைப் போன மாதமும் வந்து பார்த்தார்கள். எப்போதும் பக்கத்துப் பக்கத்து ஆசனம். இன்றைக்கு மட்டும், மேல்மாடியில் சத்தம் நல்லாயிருக்குமாம் என்று அவர் தனியாக அங்கே சீட்டு எடுத்திருந்தார்.

அவரைக் கண்டதும் சொல்ல அவள் ஒரு கதையை வாய்க்குள் வைத்துத் துடித்துக்கொண்டிருந்தாள். கதாநாயகிக்குத் தொண்டை கட்டிவிட்டதென்று தொடக்கத்தில் மேலாளர் திரைக்கு முன் வந்து அறிவித்தார். அவள் வாயை மட்டும் அசைத்து நடித்தாள். காலையில் ரயிலேறி வந்த இன்னொருத்தி மேடை ஓரத்தில், கறுப்பு உடுப்போடு அசையாமல் நின்று முழுவதையும் பாடினாள். சுந்தரேஸ்வரி இப்படி ஒன்றைக் கண்டது இதுதான் முதல் தடவை. படியிறங்கி வந்த அண்ணையிடம் வாய் திறக்குமுன் சப்பாத்துக் கூச்சல் எழுந்துவிட்டது. பிறகு எல்லார் வாயிலும் சப்பாத்துத்தான்.

4.41. பொலிஸ் அதிகாரி பிளோறன்ஸ் அந்தோனிப்பிள்ளை வந்தார். ஜெர்மனியில் வளர்ந்த பெண். ஒப்பராவில் கத்துவார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்று தானே சொன்னார்.

முதலில் கிருசாந்தி. 2.58க்குக் கடைசிக் கோட் வாங்கியதாகச் சொன்னாள், அது கணேசலிங்கம் மாமாவுடையது. உடனே சக்கர நாற்காலியில் வந்த ஒரு அம்மாவை லிப்டில் ஏற்றிவிடப் போனாள். 3.04க்குத் திரும்பியவள் அதற்குப் பிறகு அசையவில்லை. மூன்று மணிக்கு அரங்கக் கதவை மூடிவிட்டால் இடைவேளை வரை ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள். இசை தொடங்கியதும் வெளியில் எல்லா மாடியிலும் ஒலிபெருக்கியைப் போடுவார்கள். அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

"போஸ்டரில இருக்கிற அந்த அக்கா இண்டைக்கு நல்லாப் பாடினவ," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பாவம், காதால் மட்டும் கேட்டவளுக்கு எப்படித் தெரியும் என்று சுந்தரேஸ்வரி நினைத்தாள்.

அடுத்தது, கடைசியாகக் கோட் கொடுத்த கணேசலிங்கம். பைனாகுலர் கழுத்தில் தொங்கியது. அதன் பெரிய தோல் உறையை அக்குளுக்குள் இடுக்கியிருந்தார்.

"மூண்டு மணிக்கு எங்க நிண்டனீங்கள்?"

"மேல்மாடியில, கடைசி வரிசை."

"முழுக்கப் பாத்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை. அந்தப் பெட்டை படிக்கட்டில ஓடி ஏறிக்கொண்டே பாடினாள். மூச்சு வாங்கேல்லையே. நான் பைனாகுலரால அவளின்ர தொண்டையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்."

பிளோறன்ஸ் எழுதிக்கொண்டார். சுந்தரேஸ்வரி வாய்க்குக் கொண்டுபோன காப்பிக் கோப்பையைத் தட்டில் இறக்கினாள். தான் கேட்டது பிழையாக இருக்கக்கூடாதா என்று மனம் கெஞ்சியது. இருபத்திரண்டு வருடம். அவள் புருசன் செத்த வீட்டில் மூன்று நாள் சமைத்துப் போட்ட மனுசன்.

மறுபக்கம் கிருசாந்தி சுவரோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். சுந்தரேஸ்வரி கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள்.

"அண்ணை, ஓடி ஏறினவள் பாடேல்லை. பாடினவள் ஓடேல்லை."

அவர் விழித்தார். அவள் பிளோறன்சிடம் அறிவிப்பை, ஓரத்தில் நின்றவளை, எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே இருந்த ஒவ்வொருவரும் கண்டது அது. அண்ணைக்கு மட்டும் தெரியாது. கிருசாந்தி லிப்டுக்குப் போன நேரத்தில் சாவியை எடுத்து, பெட்டியைத் திறந்து, பூட்டி, சாவியைத் திரும்ப மாட்டிவிட்டு மேலே ஓடியிருக்கிறார். அதற்குள் கதவு மூடிவிட்டது. முதற்பாதி முழுவதும் மேல்மாடி வாசலில்தான் நின்றிருக்கிறார்.

"எங்களுக்குச் சொன்னது போன மாசம் பாத்த காட்சி. பாத்து முடிஞ்சால் பைனாகுலரை ஒருநாளும் உறைக்கு வெளியில விடாதனீங்கள். உறையைத் திறவுங்கோ அண்ணை."

அவர் திறக்கவில்லை. பிளோறன்ஸ் திறந்தார். உள்ளே ஒரு கைக்குட்டையில் சுற்றிய இளஞ்சிவப்புப் பட்டு.

"குரல் வேறயெண்டு உங்கட காதுக்குத் தெரியேல்லையோ?" அதுதான் அவளால் நம்ப முடியாதது.

"எனக்கு இண்டைக்கு ஒண்டுமே கேக்கேல்லை." என்றார் கணேசலிங்கம். "எண்பத்தாறில அகதியா வந்து, கதைக்க ஒரு சனமில்லாமல் கிடந்தனான். ஆரோ குடுத்த சீட்டில வந்து இந்தச் சப்பாத்துக்காரியின்ர ஆட்டத்தைப் பாத்தன். அண்டைக்குத்தான் செத்துப்போற எண்ணம் விட்டுது. அதை எப்பிடி பெர்லினுக்கு விடுறது?"

"எடுத்ததைக்கூட நான் மன்னிப்பன்," என்றாள் சுந்தரேஸ்வரி. "இந்தப் பிள்ளை அழ அழப் பாத்துக்கொண்டு நிண்டியளே."



5.10. இரண்டாம் பாதிக்கு மணி அடித்தது. சுந்தரேஸ்வரி உள்ளே போகவில்லை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிளோறன்ஸ் அவரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போகையில் கிருசாந்தி பின்னாலேயே ஓடிவந்தாள். கையில் அவருடைய கோட்.

"மாமா, வெளியில குளிர்," என்று விரித்துப் பிடித்தாள்.

கணேசலிங்கம் கையை நுழைக்கப் பார்த்தார். அவரால் முடியவில்லை. அந்த இடத்திலேயே உட்கார்ந்து, குழந்தையைப் போல அழுதார்.