பின்பலகையில் யாரும் இல்லை

கெசிக் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியபோது மழை. ஆகஸ்ட் விடுமுறைத் திங்களன்று மழை பெய்யாவிட்டால்தான் எங்கள் ஊரில் கவலைப்படுவோம். வழக்கப்படி கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வண்டிக்குள்ளேயே முட்டை சாண்ட்விச் தின்றபடி, கண்ணுக்கே தெரியாத ஏரியைப் பார்த்து, "அருமையான காட்சி" என்றேன்.

பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினேன். மூன்று கோப்பை.

"அப்பா." என் மகள் பிரையனி மூன்றாவது கோப்பையையே பார்த்தாள். "அம்மா இல்லப்பா. குளிர்காலத்துலயே போயிட்டா."

"தெரியும்மா. கைப்பழக்கம்."

"நேத்து ராத்திரி வெறும் கட்டிலுக்குப் போர்வை போத்துனீங்களே, அதுவும் கைப்பழக்கமா? இன்னொரு தடவை இப்படிப் பண்ணுங்க, நான் லீட்ஸுக்கு சித்தி வீட்டோட போயிடுறேன். நெஜமாத்தான் சொல்றேன்."

அவள் அம்மாவின் பிடிவாதம் அவளிடம் அப்படியே இருந்தது. போய்விடுவாள்.

மழை விட்டதும் துடுப்புப் படகு எடுத்தோம். படகுத்துறைக்காரர் என் வயிற்றை ஒருமுறை பார்த்தார். "பாத்து ஏறுங்க சார், படகு பாவம்."

நான் நடுவில், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். எதிரே இருந்த பின்பலகை எப்போதும் என் மனைவி ரோசலிண்டுடையது. எனக்கு வழி சொல்வதாகச் சொல்லிக்கொண்டு, தன் பழைய கம்பளிச் சட்டையோடு அங்கிருந்துதான் என்னைத் திட்டுவாள். பிரையனி அங்கே உட்காரவில்லை. என் முதுகுக்குப் பின்னால், முன்முனையில் ஒடுங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, பின்னால போ! படகு மூக்கு முங்கிடும்!" என்று துறையிலிருந்து கத்திய படகுத்துறைக்காரர், படகைப் பார்த்துப் புருவம் சுருக்கினார். "அட... சரியாத்தான் இருக்கு."

நடு ஏரியில் பனிமூட்டம் எங்களை மூடிக்கொண்டது. கரையின் இரைச்சல் நின்றது. துடுப்பிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும். பிறகு, நனைந்த கம்பளியின் வாசனை.

நாங்கள் இருவருமே கம்பளி அணிந்திருக்கவில்லை.

"அப்பா," முதுகுக்குப் பின்னால் கிசுகிசுப்பு. "படகு ஏன் நேரா நிக்குது?"

பின்பலகையில் யாரும் இல்லை. ஆனால் முன்முனையில் மகள் இருந்தும் அந்தப் பக்கம் மேலெழவில்லை; யாரோ உட்கார்ந்திருப்பதுபோல அழுந்தியிருந்தது.

"நீங்க அம்மாவ விடமாட்டேங்கறீங்க. அதான்." அவள் பற்கள் தந்தியடித்தன. "சொல்லிடுங்கப்பா. அவளப் போகச் சொல்லுங்க."

சாவு வீட்டிலும் ஜோக் அடித்தவன் நான். இப்போது ஒன்றுகூட வரவில்லை.

"ரோஸ்," என்றேன். "நீ செத்துட்டம்மா. போயிடு."

பின்பக்கம் மெல்ல உயர்ந்தது.

யாரோ மனமில்லாமல் எழுந்திருப்பதுபோல.

முன்முனை அமிழ்ந்தது. பனிக்கட்டி போன்ற நீர் பிரையனியின் மடியில் வழிந்தது.

"அம்மா!" அந்த அலறலில் அவள் மறுபடி சின்னக் குழந்தையாகிவிட்டாள். "போகாதம்மா! நான் சும்மா சொன்னேன்! அம்மா!"

படகு அப்படியே தயங்கி நின்றது.

பிறகு பின்பலகை மெதுவாக, மிக மெதுவாக, மீண்டும் தாழ்ந்தது.

துடுப்பை வலித்துக் கரை சேர்த்தேன். பிரையனி இறங்கினாள். நான் இறங்கினேன். அவள் கை என் கைக்குள் புகுந்துகொண்டது. லீட்ஸ் என்ற பேச்சே எழவில்லை.

காலிப் படகின் பின்பக்கம் மட்டும் தாழ்ந்தே நின்றது.

"தண்ணி ஏறிடுச்சா?" துறைக்காரர் குனிந்து தடவிப் பார்த்தார். பின்பக்கம் காய்ந்திருந்தது. யார் மீதோ பட்டுவிட்டதுபோலக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

பிரையனி தன் இன்னொரு கையைப் படகை நோக்கி நீட்டினாள்.

"வாம்மா," என்றாள். "குளிருது. வீட்டுக்குப் போலாம்."

படகு ஒருமுறை ஆடி நேரானது. எங்களுக்குப் பக்கத்தில், யாரும் நிற்காத இடத்தில், துறையின் மரப்பலகை கிறீச்சிட்டது.