ஒரு கரண்டிப் பால்

காலையில்கூட ஏழு கரண்டி கஞ்சி குடித்தாளே அம்மா, பிறகு ஏன் எல்லாரும் அவளை இப்படிப் பார்க்கிறார்கள்?

நாகவல்லி இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. பத்து வயதுப் பெண் கேட்டால் பெரியவர்கள் பதில் சொல்லவா போகிறார்கள்?

அம்மா வரலட்சுமி பாயில் கிடந்தாள். நான்கு நாட்களுக்கு முன் வாதம் அடித்து ஒரு பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வாய் கோணியிருந்தது. மருந்து குடித்த அசதியில் கண் மூடித் தூங்கினாள். மூச்சு மட்டும் கரகரவென்று வந்தது.

பூந்தமல்லியிலிருந்து ஜட்காவில் வந்த டாக்டர் நாகவல்லியிடம்தான் எல்லாம் சொன்னார். அப்பா அழுதுகொண்டிருந்தார், வேறு ஆள் இல்லை.

"மூணு வேளையும் மருந்து தவறக் கூடாது. மருந்தோ கஞ்சியோ, முழிச்சிருக்கும்போது உட்கார வெச்சுத்தான் கொடுக்கணும். படுத்த வாயில ஊத்தினா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். வாதத்தைத் தாங்கினவங்க அதைத் தாங்க மாட்டாங்க. புரிஞ்சுதா, கம்பவுண்டர் அம்மா?"

"புரிஞ்சுது."

அன்றிலிருந்து அம்மாவைச் சுவரில் சாய்த்து, விழுங்கிவிட்டாளா என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த கரண்டி கொடுத்தாள். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

இன்று காலை வேளையோடு மருந்து தீர்ந்துவிட்டது. வாங்கி வர அப்பா பூந்தமல்லிக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் முத்தம்மாள் அத்தை, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து, பட்டணத்தை விட்டு வானகரத்துக்கு ஓடி வந்தவள் அத்தை. கொஞ்சம் அழுதாள், நடுவில் காப்பி இருக்கிறதா என்று கேட்டாள், மறுபடி அழுதாள்.

பிறகு அம்மாவின் மூச்சைக் கவனித்தாள்.

"இழுத்துகினு கீது. இனிமே தாங்காது."

யாரோ டம்ளரில் பாலும் ஒரு கரண்டியும் கொண்டு வந்தார்கள்.

"பெத்த பொண்ணு நீதான். மொத கரண்டி நீ ஊத்து" என்றாள் அத்தை.

உயிர் போகும் நேரத்தில்தான் அப்படிப் பால் ஊற்றுவார்கள் என்று நாகவல்லிக்குத் தெரியும்.

"அம்மா தூங்கினு கீது அத்தை. ஏந்ததும் குந்த வெச்சிக் குடுக்கிறேன்."

"இதான் தூக்கமா? பெரிய டாக்டரு இவ. தாகத்தோட போனா அந்தப் பாவம் ஒன்னத்தாண்டி சுத்தும்."

பெண்கள் ஆமாம் என்று முணுமுணுத்தார்கள். நாகவல்லி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அத்தை சொல்வது நிஜமாக இருந்தால்? அம்மா பிழைப்பாளா மாட்டாளா, அவளுக்குத் தெரியாது. இந்தப் பால் என்ன செய்யும் என்பது மட்டும் தெரியும்.

அத்தை பாலை மொண்டு நீட்டிய கரண்டியை வாங்கினாள். அதிலிருந்த பாலை டம்ளரிலேயே திரும்ப ஊற்றினாள்.

"அப்போ நானே ஊத்துறேன். தள்ளு."

நாகவல்லி தள்ளவில்லை. அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, கோணிய வாய்க்கு மேலே உள்ளங்கையைக் குடைபோலக் கவித்துக்கொண்டாள். அம்மாவின் மூச்சு வெதுவெதுப்பாகக் கையில் பட்டது.

"மாட்டேன் அத்தை" என்றாள், அம்மாவின் தூக்கம் கலையாத குரலில்.