அலமாரிச் சூடு

காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். யோகராஜ் எழுந்து இரண்டு டிரம்களையும் நிரப்பினான். பால்பவுடரைக் கரைத்து அடுப்பில் வைத்தான். முகம் மழித்தான். சட்டையை மாட்டும்போது முதுகில் ஓர் இடம் எரிந்தது. வேர்க்குரு என்று நினைத்து இரண்டு நாளாகப் பவுடர் போட்டுவருகிறான். அடுப்பை அணைத்தான். பாப்பாவை எழுப்பப் போனான்.

அவள் தன் அம்மா நளினியின் இரும்பு அலமாரியோடு ஒட்டிக்கொண்டு தூங்கினாள். பாயின் எந்த மூலையில் படுக்க வைத்தாலும் உருண்டு உருண்டு அங்கேதான் போவாள். இடது கன்னம் கதவில் அழுந்தியிருந்தது. தூக்கித் தோளில் போட்டபோது பார்த்தான். அந்தக் கன்னம் மட்டும் சிவந்திருந்தது, வெயிலில் நாளெல்லாம் விளையாடியதுபோல. தீவின் இந்த ஹேடோத் துறைமுகப் பகுதியில் யாரும் வெயிலைப் பார்த்து இரண்டு வாரம் ஆகிறது.

நிமிரும்போது சமாளிக்க அலமாரியில் கை ஊன்றினான். இரும்பு வெதுவெதுவென்று இருந்தது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகுதான் நினைவு வந்தது. நேற்று சாயங்காலத்திலிருந்து கரண்ட் இல்லை.

தீவில் மே மாதம் பிடிக்கும் மழை டிசம்பர் வரை விடாது. துணி காயாது. காய்ந்தாலும் பூஞ்சை ஏறும். செருப்பு, பெல்ட், கல்யாண ஆல்பம், எதன் மேலும் சாம்பல் நிறத்தில் மயிர் முளைத்ததுபோல் படரும். அதனால் எல்லா வீட்டிலும் அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பு இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும். பின்தகட்டில் ஓட்டை போட்டு ஒயரை விட்டிருப்பார்கள். நளினி தெற்கே கச்சால் தீவில், ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். அந்த வீட்டையும் அதிலிருந்தவர்களையும் கடல் எடுத்துக்கொண்ட பிறகு சேலை வாங்குவதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்திருந்தது. வாங்கிய ஒன்றையும் கெட விட்டதில்லை.

அவள் செத்து மூன்று வாரம். அலமாரியை அவன் திறக்கவில்லை. கடைசியாக என்ன சொன்னாள் என்று போனில் கேட்டவர்களிடம், பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றான். கேட்டவர்கள் அழுதார்கள். அவனுக்கு அழுகை வரவில்லை. ராத்திரியில் பாப்பாவுக்குப் பக்கத்தில், முதுகைக் கதவில் சாய்த்துப் படுத்துக்கொண்டான். கூரையில் மழை இறங்கும் சத்தமும், துறைமுகத்தில் கிரேன் முனகும் சத்தமும், கதவு இடுக்கிலிருந்து கசியும் பாச்சை உருண்டை வாசனையும், அதற்கு அடியில் அவளுடைய மஞ்சள் பவுடர் வாசனையும் சேர்ந்து வரும். முதுகுக்குப் பின்னால் அந்தச் சூடு ஆள் படுத்திருப்பதுபோலவே இருக்கும். பல்பு என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சாய்ந்துகொண்டான்.

இப்போது பல்பு எரிய வழியில்லை.

அமிர்தவல்லி வந்தாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ், வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். பகலில் பாப்பாவை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"லைட் இன்னும் ஆயா நஹி, வரலியே, பாத்தியளா தம்பி? பவர்ஹவுசுக்கு டீசல் கொண்டுவார கப்பல் நடுக்கடல்ல மல்லாந்து படுத்துத் தூங்குதாம். நாம இங்க மெழுகுவத்தியை நக்கிக்கிட்டு கிடக்க வேண்டியதுதான்." பாப்பாவை வாங்கிக்கொண்டாள். "ஏட்டி, கன்னத்துல என்ன? அப்பன் அடிச்சானா?"

"அக்கா, அலமாரி பல்பு கரண்ட் போயும் சூடா இருக்குமா?"

"எந்தப் பல்பு?"

"நளினி அலமாரியில."

அவள் சிரித்தாள். பிறகு சிரிக்கக் கூடாத வீடு என்று ஞாபகம் வந்ததுபோல நிறுத்தினாள். "அந்தப் பல்பு என் வீட்டுலல்லா எரியுது. நீங்க கப்பல்ல போயிருந்தப்பவே கழட்டிக் குடுத்துட்டாளே. எனக்கு வேண்டாங்க்கா, எங்க வீட்டுல கரண்டு இல்லாமலே சூடு இருக்குன்னா. கிறுக்கி. என்னமோ விளையாட்டுக்குச் சொல்லுதான்னு நெனச்சேன்."

அவள் பாப்பாவோடு வெளியே போனதும் அவன் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். ஒயர் சுவரோரம் தொங்கியது. முனையில் ஒன்றும் இல்லை. சுவரில் மேலும் கீழும் பூஞ்சை படர்ந்திருந்தது. அலமாரிக்குப் பின்னால் மட்டும் சுவர் சுத்தமாக, உலர்ந்து, வெளுத்து இருந்தது.

எம்.எஸ்சி. பௌதிகம் படித்தவன். சூடு எங்கிருந்தாவது வர வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் கையைக் கதவில் வைத்தபோது வேறொன்றை நினைத்தான். நினைக்கவே வெட்கமாக இருந்தது. நினைத்தான். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்து அலமாரியில் போட்டான். திருப்பவில்லை. திறந்தால் அது இருக்காது. வெறும் சேலைகள் இருக்கும்.

சாவியை அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

அவன் வேலை பார்த்த திட்டம் சுனாமிக்குப் பிறகு வந்தது. கடலடியில் வைக்கும் எச்சரிக்கைக் கருவிகளுக்குப் பல வருடம் நிற்காமல் கரண்ட் வேண்டும். அதற்கு அணு உலைக் கழிவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை எஃகுப் பாத்திரத்தில் அடைத்து, அது தானாகவே கக்கிக்கொண்டிருக்கும் சூட்டைக் கரண்டாக மாற்றலாமா என்று ஆராய்ச்சி. டில்லி பணம் கொடுத்தது. மூன்று வருடம் நடந்தது. பிறகு டில்லியே நிறுத்தியது. மிஞ்சியது அந்தப் பாத்திரம்; ஆபீசில் அதைப் பானை என்பார்கள். ஏற்றிக்கொள்ள எந்தக் கப்பலும் சம்மதிக்கவில்லை. திரும்ப வாங்கிக்கொள்ள மெயின்லேண்டில் ஆள் இல்லை. யார் பொறுப்பு என்று தீர்மானிக்கக் கமிட்டி போட்டிருந்தார்கள். கமிட்டி கூடவில்லை.

பாத்திரம் சென்னைக்குப் போய்விட்டது என்றுதான் யோகராஜ் நினைத்திருந்தான். தெற்கே கேம்ப்பெல் பே ஊருக்கு ஆபீஸ் வேலையாகக் கப்பலில் போய் ஒன்றரை மாதம் கழித்து வந்தபோது துறைமுக ஓரத்து ஷெட் காலியாக இருந்தது. அதைப் பற்றிக் கேட்க அவனுக்கு நேரமில்லை. நளினி வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். சீப்பில் கொத்தாக முடி வந்தது. ஈறில் ரத்தம். ரத்தத்தில் ஏதோ நோய் என்றார் டாக்டர். பத்து நாளில் முடிந்தது.

திட்டத்தின் தலைவர் சிவஞானம் அன்று அவனுக்காகக் காத்திருந்தார். நாலரை மணிக்கே விளக்கு வேண்டியிருந்தது; வானம் அப்படி இருண்டு கிடந்தது.

"உட்காரு யோகு. ஒரு சின்னச் சிக்கல். கல்பாக்கத்துப் பக்கமிருந்து ரெண்டு பேர் வர்றாங்க. பானையைக் காட்டுன்னு கேப்பானுங்க."

"அது போயிடுச்சே சார்."

"போகும்னு சொன்னேன். போச்சுன்னா சொன்னேன்?" சிவஞானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஷெட்டைக் காலி பண்ணுன்னு துறைமுகத்துக்காரன் கழுத்துல உட்கார்ந்தான். எங்க கொண்டுபோறது? என் தலையிலயா வச்சுக்குவேன்? குவார்ட்டர்ஸ் படிக்கட்டுக்கு அடியில தார்ப்பாய் போட்டு வச்சேன். எல்லாம் கவர்மென்ட் ஸ்டாஃப்தானே, வெளியாள் வரமாட்டான்னு."

"எந்த பிளாக் சார்?"

"நேத்துப் போய்ப் பார்த்தா பெட்டி மட்டும் கிடக்கு. கதிர் கசியாம சுத்தி வச்சிருந்த ஈயத்தை எவனோ மீன் வலைக்குக் குண்டு உருக்கக் கிளப்பிட்டுப் போயிட்டான். உள்ள இருந்த பானையும் இல்ல."

"எந்த பிளாக்?"

சிவஞானம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்க பிளாக்தான். இங்க பாரு, உன் சம்சாரம் விஷயம் வேற. அது ரத்தத்துல வந்த நோய். டாக்டரே சொல்லிட்டார். ரெண்டையும் முடிச்சுப் போட்டு ஊர்ல ஒப்பாரி வைக்காதே. வேலை நிரந்தரமாகிற நேரம் உனக்கு."

அவன் எழுந்தான். சுவர் அலமாரியிலிருந்து கதிர்வீச்சு மீட்டரை எடுத்தான். சிவஞானம் பின்னால் ஏதோ கத்தினார். மழையில் கேட்கவில்லை.

தீவில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். கரண்ட் இன்னும் வரவில்லை. சாலையில் டீசல் வாடையும் அழுகிய மீன் வாடையும் நனைந்த மரத்தூள் வாடையும் கலந்து தேங்கி நின்றன. சட்டைக்குள் மறைத்துப் பிடித்த மீட்டர் எப்போதாவது ஒரு முறை டிக் என்றது. எந்த ஊரிலும் எந்தக் கல்லிலிருந்தும் வருகிற டிக். கோயில் திருப்பத்தில் அப்படித்தான் இருந்தது. ரேஷன் கடையிலும் அப்படித்தான். குவார்ட்டர்ஸ் வாசலில் நுழைந்ததும் இரண்டிரண்டாக வந்தது. அவன் நின்றான். ஓட ஆரம்பித்தான்.

படிக்கட்டுக்கு அடியில் தார்ப்பாய் சரிந்து கிடந்தது. உடைந்த பெட்டி. அதற்குள் பூனைக்குட்டிகள் நாலைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக, காய்ந்துபோய். உடம்பில் ஒரு மயிர் இல்லை.

பெட்டிப் பலகையில் மஞ்சள் பட்டை. அதில் கறுப்பில் மூன்று இதழ் வட்டம், கதிர்வீச்சுக் குறி. பக்கத்தில் எச்சரிக்கை, இங்கிலீஷிலும் இந்தியிலும்.

நளினிக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும்.

மேலே ஏறினான். மீட்டர் பொரிந்தது. கடுகு வெடிப்பதுபோல. பிறகு எண்ணெயில் தண்ணீர் விழுந்ததுபோல.

அவன் வீட்டு வாசலில் மெழுகுவர்த்தி எரிந்தது. அமிர்தவல்லி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மெல்ல வாங்க தம்பி, பாப்பா தூங்குதா."

"எங்கே?"

"மதியமெல்லாம் அம்மா அம்மான்னு ஒரே அழுகை. இந்த வீட்டுக் கதவுகிட்ட வந்து வந்து இடிக்கா. சரின்னு உள்ள விட்டா அலமாரியைப் போய்த் தட்டுதா. சாவி அதுலயே இருந்துச்சா, ஒரு சேலையாவது மூடிவிடுவோம்னு தொறந்தேன்." அவள் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. "கீழ்த் தட்டுல அம்மா சேலைக்குள்ள உட்கார வச்சேன். அப்பதான் அடங்குனா. அங்க ஒரு சூட்டுப் பானை இருக்கு பாத்தியளா? அதைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டா."

"அக்கா."

"இப்பல்லா புரியுது அவ பல்பைக் குடுத்தது. படிக்கட்டுக்கு அடியில பூனை படுத்திருந்த பெட்டியில இருந்து என்னமோ தூக்கிட்டுப் போனா அன்னைக்கு. என்னட்டி இதுன்னேன். அவர் ஆபீஸ் சாமான்தான்க்கா, ஃபேன் படம் போட்டிருக்கு பாருங்கன்னா. அவர் ஆபீஸ் சாமான் நம்மளை என்ன செய்யும்னா."

"அக்கா, கீழே போங்க. எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க."

"என்ன தம்பி?"

"போங்க!"

கீரை சிதறியது. அவள் இறங்கும் சத்தம். கதவுகள் தட்டும் சத்தம். யாரோ இந்தியில் கேட்டார்கள். யாரோ ஓடினார்கள்.

உள்ளே இருட்டு. மீட்டரின் பொரிதல் வீடு முழுக்க. கூடம். சமையலறை வாசல். காலையில் ஆற வைத்த பால், புளித்த வாடை. அவன் கை சுவரைத் தடவிப் போனது. ஈரம். ஈரம். பூஞ்சை.

படுக்கையறை வாசல்.

மீட்டர் நின்றது.

ஒரு டிக் கூட இல்லை. குலுக்கினான். சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. பேட்டரி இருக்கிறது. கருவி நன்றாக இருக்கிறது.

இதை அவனே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறான். ஓர் அளவுக்கு மேல் போனால் அதற்கு எண்ண முடியாது. திணறி வாயை மூடிக்கொள்ளும். மீட்டர் பேசவில்லை என்றால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். திரும்பி ஓடுங்கள்.

அவன் ஓடவில்லை.

சுவர் உலர்ந்தது. கைக்குத் தெரிந்தது. பாச்சை உருண்டை. மஞ்சள் பவுடர். இஸ்திரி போட்ட பட்டின் வாசனை, அவள் கல்யாண வீடுகளுக்குக் கிளம்பும்போது வருவது. முகத்தில் இளஞ்சூடு.

பாக்கெட்டில் தீப்பெட்டி. முதல் குச்சி நமுத்திருந்தது. இரண்டாவதும். அந்த உலர்ந்த சூட்டில் நின்றதாலோ என்னவோ, மூன்றாவது பற்றியது.

அலமாரிக் கதவு அகலத் திறந்திருந்தது. நளினியின் சேலைகள் வரிசையாகத் தொங்கின, ஒன்றிலும் ஒரு புள்ளி பூஞ்சை இல்லாமல், கடையில் வாங்கிய அன்றுபோல. அவற்றின் அடியில் பாப்பா உட்கார்ந்திருந்தாள். தூங்கவில்லை. தூக்குவாளி அளவில், வெள்ளியாய் மின்னும் பானையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். சிவந்த கன்னம் அதன் மூடியில். மடியில், பானையைச் சுற்றி, சேலை முந்தியில், அவளுடைய முடி. மெல்லிய சுருள் முடி, பாதித் தலை முடி, உதிர்ந்த பூப்போல.

வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தாள். ஈறில் சிவப்பு.

"ஃபேன்," என்று மூடியில் விரல் வைத்துக் காட்டினாள். பிறகு, "அம்மா சூடு."

குச்சி விரலைச் சுட்டது. அவன் விடவில்லை.

நளினி பாப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அவனாகச் சொல்லிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், தலையில் முடியில்லாமல், வெடித்த உதட்டோடு அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, கண்ணைத் திறந்து, தெளிவாக, அவள் சொன்னது இதுதான்:

"அலமாரியைத் தொறந்து போட்டுடாதீங்க. சூடு போயிடும்."